சிரிப்பாணி வருதா, வரலியா? புதுக் குடும்பக் காமெடித் தொடர்களும் விமர்சனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவியில் புதுசாக ஒரு குடும்பக் காமெடித் தொடர் தொடங்கிவிட்டால் போதும். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் சரி, கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தாலும் சரி, என்னிடம் அதே கேள்விகள்தான் வருகின்றன. சின்னத்திரை விமர்சனம் எழுதுகிறவன் என்று ஊரில் பெயர் வாங்கியதற்குக் கிடைத்த தண்டனை. ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப் போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

தொடங்கி ஒரு வாரம் ஆச்சு. எல்லாரும் மொக்கைன்னு எழுதியாச்சு. பாக்கணுமா, விட்டிரலாமா?

விடாதீர்கள். நாலு வாரம் கொடுங்கள்.

குடும்பக் காமெடியில் பெரும்பாலும் முதல் எபிசோடுதான் இருப்பதிலேயே சுமாரானது. சண்டைப் படத்தில் கதாநாயகன் வந்ததும் நாலு பேரை அடித்தால் விசில் பறக்கும். அவன் யார், என்ன என்று தெரிய வேண்டியதில்லை. வீட்டுச் சிரிப்பு அப்படி வராது. "அப்பா மீன் வாங்கப் போறாராம்" என்பதில் ஜோக் எதுவும் இல்லை. ஆனால் அந்த அப்பா இதற்கு முன் மூன்று தடவை சந்தைக்குப் போய், மூன்று தடவையும் ஏமாந்து, பழைய சாளையோடு திரும்பி வந்தவர் என்று தெரிந்திருந்தால், அவர் பையை எடுக்கும்போதே நமக்குச் சிரிப்பாணி வந்துவிடும். முதல் எபிசோடில் அந்த மூன்று தடவையும் இன்னும் நடக்கவில்லை. இருபத்திச் சொச்சம் நிமிடத்துக்குள் ஆறேழு பேரை அறிமுகப்படுத்தி, யார் யாருக்கு என்ன முறை, வீட்டில் எதற்குப் பணமுடை, யார் யாரோடு பேசுவதில்லை என்பதையெல்லாம் சொல்லியாக வேண்டும். நடிப்பவர்களும் மறுவீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

இது உலகம் முழுக்க நடக்கிற கதை. அமெரிக்காவில் 1971 ஜனவரியில் சி.பி.எஸ். சேனல் 'ஆல் இன் தி ஃபேமிலி' என்ற தொடரைத் தொடங்கியது. மனசில் இருக்கிற இனவெறுப்பையெல்லாம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து வெளிப்படையாகக் கொட்டுகிற ஒரு அப்பா. அவரோடு மல்லுக்கு நிற்கிற மருமகன். சேனலுக்கே பயம். முதல் எபிசோடுக்கு முன்னால் எச்சரிக்கை வாசகம் போட்டுத்தான் ஒளிபரப்பினார்கள். பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். விமர்சகர்கள் இரண்டு கட்சி. கோடையில் மறு ஒளிபரப்பு வந்தபோதுதான் ஜனங்கள் அந்த வீட்டுக்குள் நுழைந்தார்கள். அதற்கப்புறம் ஐந்து ஆண்டு தொடர்ந்து அதுவே அந்நாட்டில் முதலிடம். கோடையில் ஓடியதும் ஜனவரியில் ஓடிய அதே எபிசோடுகள்தான். அதற்குள் அந்த மனிதர் ஜனங்களுக்குப் பழகிவிட்டார், அவ்வளவுதான்.

விமர்சகர்கள் திட்டினது எல்லாம் ஓடுது, புகழ்ந்தது எல்லாம் படுத்துருது. பெறவு விமர்சனம் எதுக்கு?

நியாயமான கேள்வி, வலிக்கவும் செய்கிறது. உதாரணங்கள் உங்கள் பக்கம்தான். அமெரிக்காவில் 'ஃபுல் ஹவுஸ்' 1987இல் வந்தபோது விமர்சகர்கள் கழுவிக் கழுவி ஊற்றினார்கள்; எட்டு சீசன் ஓடியது. 'அரெஸ்டட் டெவலப்மென்ட்' முதல் சீசனுக்கே 2004இல் சிறந்த நகைச்சுவைத் தொடர் என்று அந்நாட்டு டிவி விருதான எம்மியை வாங்கியது. பார்க்க ஆளில்லை என்று 2006இல் நிறுத்தினார்கள். நம் நாட்டிலேயே 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' என்ற இந்தித் தொடர் 2004இல் தொடங்கியது. பணக்கார மாமியார், நடுத்தர வர்க்கத்து மருமகள், அவ்வளவுதான் கதை. அந்தக் காலத்தில் அதற்கு ரேட்டிங் வரவில்லை. நின்றுபோன பிறகு, மறு ஒளிபரப்பிலும் இணையத்திலும் பார்த்தவர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடி, 2017இல் இணையத்துக்கென்றே இரண்டாம் பாகம் எடுக்க வைத்தார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'ஃபுல் ஹவுஸ்' பற்றி விமர்சகர்கள் சொன்னது தப்பில்லை. சர்க்கரை கூடுதல் என்றார்கள், கூடுதல்தான். அந்தச் சர்க்கரைதான் ஜனங்களுக்கு வேண்டியிருந்தது. பாயசத்தில் இனிப்பு அதிகம் என்று சொல்வது என் வேலை. இன்னும் ஒரு கரண்டி கேட்பது உங்கள் உரிமை. விமர்சனத்தை ஜோசியமாக எடுத்துக்கொண்டால்தான் பிரச்சினை. எது ஓடும் என்று சொல்ல நான் லாயக்கில்லை.

ரேட்டிங் எடுக்கிறதா சொல்லுறாவ. எங்க வீட்டுல இன்னிய வரைக்கும் ஒருத்தரும் வந்து கேட்டதில்லியே?

வரமாட்டார்கள். எதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற இந்தக் கணக்கை 2015இலிருந்து எடுப்பது பார்க் (BARC) என்ற அமைப்பு. நாடு முழுக்க டிவி உள்ள வீடுகள் 2020 கணக்குப்படி சுமார் 21 கோடி. மீட்டர் வைத்த வீடுகள் அதற்கடுத்த ஆண்டுகளில் 55,000 அளவில். அதாவது ஒரு மீட்டர் வீடு கிட்டத்தட்ட நாலாயிரம் வீடுகளுக்குச் சேர்த்துப் பேசுகிறது. சேனலின் ஒலிக்குள் நம் காதுக்குக் கேட்காத ஒரு அடையாளத்தைச் சேர்த்து அனுப்புகிறார்கள். மீட்டர் அதைப் பிடித்து எந்தச் சேனல் என்று குறித்துக்கொள்ளும். யார் பார்க்கிறார்கள் என்பதற்கு வீட்டில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு பட்டன். எந்தெந்த வீடு என்பது ரகசியம்.

கவனித்தால் புரியும்: பட்டனை அழுத்தியவர் பார்த்துச் சிரித்தாரா, மரச்சீனி தோலுரித்துக்கொண்டிருந்தாரா என்று மீட்டருக்குத் தெரியாது. குடும்பக் காமெடிக்கு நேரமும் முக்கியம். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்த பிறகுதான் டிவி. ஜெப நேரத்தில் போடுகிற தொடர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வீடுகளுக்குள் போகாது; அது எழுத்தாளரின் குற்றமும் இல்லை. அதனால்தான் ரேட்டிங்கை வைத்து ஒரு தொடரை நல்லது கெட்டது என்று நான் எழுதுவதில்லை.

பின்னாடி ஆட்கள் சிரிக்கிற சத்தம் எதுக்கு? நமக்குச் சிரிக்கத் தெரியாதா?

1950களில் சி.பி.எஸ். சேனலில் ஒலிப் பொறியாளராக இருந்த சார்லி டக்ளஸ் ஒரு பெட்டி செய்தார். விசையை அழுத்தினால் சிரிப்பு. வேறு விசைக்கு வேறு சிரிப்பு. வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்ப்பவருக்குக் கொட்டகையில் இருக்கிற மாதிரி ஒரு துணை வேண்டும் என்ற எண்ணம். 'மேஷ்' என்ற ராணுவ ஆஸ்பத்திரித் தொடரை எடுத்தவர்கள் சேனலோடு சண்டை போட்டு, ஆபரேஷன் நடக்கிற காட்சிகளில் மட்டும் அந்தச் சத்தத்தை நிறுத்தினார்கள். அதே தொடரை பி.பி.சி. பிரிட்டனில் சிரிப்புச் சத்தமே இல்லாமல் ஒளிபரப்பியது. அங்கேயும் சிரித்தார்கள்.

தமிழில் அந்தப் பெட்டிச் சிரிப்பைவிட எனக்கு எரிச்சல் 'டொய்ங்' சத்தம்தான். யாராவது முழித்தால் 'டொய்ங்'. பாட்டி விழுந்தால் 'டொய்ங்'. அது இல்லாமல் ஒரு வாரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், பாதித் தொடர்கள் வெறும் மௌனமாகிவிடும். நான் வீட்டில் செய்கிற சோதனை ஒன்று உண்டு: அடுக்களையில் நின்றுகொண்டு வசனத்தை மட்டும் கேட்பது. பாத்திரம் கழுவும்போதே சிரிப்பு வந்தால் எழுத்து நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

நாகர்கோவில்ல நடக்குற கதைன்னு சொல்லிட்டு எல்லாரும் 'ஏலே, ஏலே'ன்னு பேசுறாவளே, அது நம்ம பேச்சா?

இதற்குத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன்.

டிவிக்காரர்களுக்கு மதுரைக்குத் தெற்கே ஒரே பேச்சுதான். வாக்கியத்துக்கு முன்னால் ஒரு 'ஏலே', பின்னால் ஒரு 'அண்ணாச்சி', முடிந்தது தெற்கத்தி. இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், ஆரல்வாய்மொழியில் ஏறிக் களியக்காவிளையில் இறங்குவதற்குள் பஸ்ஸில் காதில் விழுகிற பேச்சு எத்தனை தடவை நிறம் மாறுகிறது என்று. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து நாஞ்சில் நாட்டுப் பேச்சுக்குத் திருநெல்வேலி வாடை உண்டு. தக்கலை தாண்டினால் 'நல்லாருக்கு' என்பது 'கொள்ளாம்' ஆகிவிடும். விளவங்கோடு பக்கம் போனால் மலையாளமும் தமிழும் ஒரே இலையில் விளம்பின அவியல்.

இரண்டே சொல்லைச் சொல்கிறேன். ஒன்று 'மக்கா'. டிவியில் இது ரவுடி இன்னொரு ரவுடியைக் கூப்பிடுகிற சொல். இங்கே காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் நெற்றியைத் தடவி அம்மா சொல்கிற சொல். "ஒண்ணும் இல்ல மக்கா, இப்பச் சரியாவும்." கூட்டாளிகளும் கூப்பிட்டுக்கொள்வார்கள்தான், ஆனால் அந்தக் கூப்பிடலிலும் அந்த அம்மாவின் கை இருக்கும். இரண்டாவது 'கேட்டியா'. "நாளைக்கு மழ பெய்யும், கேட்டியா." இது கேள்வியே இல்லை, வாக்கியத்துக்கு வைக்கிற முற்றுப்புள்ளி. சென்னையில் வசனம் மனப்பாடம் செய்துவந்த நடிகர் அதை உண்மையிலேயே கேள்வியாக நினைத்து, கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பார். அந்த ஒரு நொடியில் மொத்த வீடும் செட்டு என்று தெரிந்துவிடும்.

சென்னை விமர்சனங்களில் இந்தக் குறை வருவதே இல்லை. "மண் மணக்கும் வசனங்கள்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்த மண் என்று யாரும் கேட்பதில்லை. குடும்பக் காமெடிக்கு இது சின்னக் குறையா என்றால் இல்லை. வீட்டுக்குள் பேசுகிற பேச்சு பொய்யாக இருந்தால் அந்தச் சண்டையும் பொய், சமாதானமும் பொய்.

நம்ம ஊருல பாதிப் பேரு மலையாளத் தொடர்தான் பாக்காவ. துரோகம் இல்லியா?

என்ன துரோகம்! 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் நாம் திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தோம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் இந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்கு வந்தன. சேர்த்துக் கேட்ட நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கோடு போட்டது நிலத்தில்; காதில் போட முடியாது.

2015 டிசம்பரில் ஃப்ளவர்ஸ் என்ற மலையாளச் சேனலில் 'உப்பும் முளகும்' தொடங்கியது. பாலு, நீலு என்று ஒரு புருஷன் பெண்டாட்டி, வீடு நிறையப் பிள்ளைகள். பாலுவாக நடித்த பிஜு சோபானம், கேரள நாடகக்காரர் காவாலம் நாராயணப் பணிக்கரின் குழுவில் பயின்றவர். கதையில் பாலுவுக்குச் சொந்த ஊர் நெய்யாற்றின்கரை. களியக்காவிளை தாண்டினால் அரை மணி நேர பஸ் தூரம். அந்தத் திருவனந்தபுரத்துப் பேச்சு மார்த்தாண்டத்துக்காரனுக்கு மொழிபெயர்ப்பு இல்லாமல் விளங்குகிறது. சென்னைத் தொடரில் வருகிற 'நாகர்கோவில் தமிழ்' விளங்கவில்லை. மேற்குப் பக்கத்து வீடுகள் எதைப் பார்க்கும் என்று நீங்களே சொல்லுங்கள். தமிழ் சேனல்கள் இதைப் படித்தால் நல்லது, படிக்கமாட்டார்கள்.

மாமியார் மருமவ சண்டை இல்லாம குடும்பக் காமெடியே எடுக்க முடியாதா?

எடுக்கலாம். ஆனால் சண்டையைக் குறை சொல்லவில்லை நான். சன் டிவியில் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' முழுக்க அந்தச் சண்டைதான், தமிழ்நாடே பார்த்தது. இரண்டு பேருக்கும் சம பலம் இருந்தால் சண்டை அழகுதான்.

நான் பார்ப்பது வேறொன்று: கடைசியில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? மாமியார் தந்திரம் செய்து தானே மாட்டிக்கொண்டால் அது சிரிப்பு. வேலைக்கு வருகிற அக்காவின் நிறத்தை, குண்டான பிள்ளை சாப்பிடுவதை, திக்கிப் பேசுகிற பக்கத்து வீட்டுக்காரரை வைத்துச் சிரித்தால் அது எளக்காரம். வாரத்தில் எத்தனை தடவை எளக்காரம் வந்தது என்று குறித்துக்கொண்டே பார்ப்பேன். மூன்றாவது வாரத்திலும் குறையவில்லை என்றால் எழுத்தாளரிடம் சரக்கு இல்லை.

இங்கே ஒழுகினசேரியில் 1908இல் பிறந்து, வில்லுப்பாட்டில் தொடங்கி, நாடகம், சினிமா என்று போன கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் ஊர்க்காரர்கள் நாம். மணிமேடை ஜங்ஷனில் அவர் சிலையைத் தினமும் சுற்றித்தான் பஸ்ஸெல்லாம் போகிறது. டி.ஏ.மதுரத்தோடு அவர் சேர்ந்து நடித்த காட்சிகளில் அந்த அம்மாவிடம் அவர் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பாருங்கள். கேட்டியளா, இந்த ஊர்க்காரனுக்கு எளக்காரத்தைச் சிரிப்பு என்று விற்பது கஷ்டம்.

பிள்ளையளோட இருந்து பாக்கலாமா?

பெரும்பாலும் பார்க்கலாம். பிள்ளைகள் என்று வந்ததால் ஒன்று. தொடரில் நடிக்கிற குழந்தைகளைப் பற்றி விமர்சனங்களில் 'சுட்டி', 'செம க்யூட்' என்பதைத் தாண்டி எதுவும் வருவதில்லை. 2017இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, நடிக்கிற குழந்தையை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. சம்பளத்தில் 20 சதவீதமாவது குழந்தை பேரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். தினசரித் தொடரில் தினமும் ஒரு குழந்தை எல்லாக் காட்சியிலும் வந்தால் எனக்கு இந்த விதிதான் ஞாபகம் வரும். ரசிக்க விடமாட்டேன் என்கிறான் பார் என்று திட்டாதீர்கள்.

மொதல்ல நல்லாத்தான் இருந்து. இப்ப ஒரே இழுவை. ஏன்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் பழைய வழக்கப்படி ஒரு சீசனுக்கு 22, 24 எபிசோடு. அதை எழுத ஒரு அறை நிறைய ஆட்கள். நம் தினசரித் தொடருக்கு வாரம் ஐந்து என்றாலே வருஷத்துக்கு 250க்கு மேல். அவர்கள் பத்து வருஷத்தில் எழுதுவதை நாம் ஒரு வருஷத்தில், ஒன்றிரண்டு பேரை வைத்து எழுதுகிறோம். 2008இல் தொடங்கிய 'தாரக் மேத்தா' இந்தித் தொடர் நாலாயிரம் எபிசோடைத் தாண்டிவிட்டது. அதில் ஒரே சங்கதி திரும்ப வரவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இழுவை வந்தவுடன் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். வெளிநாட்டிலிருந்து ஒரு சித்தப்பா வருவார். ஞாபகமறதி வரும். வீட்டுக்குப் பேய் வரும். பேய் வந்துவிட்டால் நான் எழுதுவதை நிறுத்திவிடுவேன்.

சேனல்காரன் துட்டு தந்தா நல்லா எழுதுவியளா?

இதுவரை யாரும் தரவில்லை. ஒரு சாயாகூட வாங்கித் தரவில்லை.

நீங்க எழுதித் தப்பாப் போனது உண்டா?

உண்டு, கூச்சத்தோடு சொல்கிறேன். 2016 தொடக்கத்தில் ஒரு கல்யாணத்துக்காகக் குழித்துறையில் மாமி வீட்டில் ரெண்டு ராத்திரி தங்கியிருந்தேன். கஞ்சியும் பயறும் பப்படமுமாக எல்லோரும் டிவிக்கு முன்னால். 'உப்பும் முளகும்' ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் கரண்டு பில் கட்ட மறந்ததைப் பற்றி அரை மணி நேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "இதுல என்ன மாமி கத இருக்கு?" என்றேன். "நீ நாலு நாள் இருந்து பாரு மக்கா, பெறவு சொல்லு" என்றார். நான் இருக்கவில்லை. ஊருக்கு வந்து, 'ஒன்றுமே நடக்காத வீட்டை அரை மணி நேரம் ஏன் பார்க்க வேண்டும்' என்று ஒரு சின்னப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், அச்சிலும் வந்துவிட்டது. ரெண்டு மாசம் கழித்து, ராத்திரி அந்த நேரமானால் நானே ரிமோட்டைத் தேட ஆரம்பித்திருந்தேன். ஒன்றுமே நடக்காததுதான் அங்கே விசேஷம். நம் வீட்டிலும் அப்படித்தானே. மாமி அந்தப் பத்திரிகையைப் பத்திரமாக வைத்திருக்கிறார். வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டுவார். வீட்டில் அதுதான் இப்போது நல்ல காமெடி.

அப்ப இப்ப எத்தன எபிசோடு பாத்துட்டு எழுதுவிய?

இருபது.

நேத்து ராத்திரி ஒண்ணு புதுசாத் தொடங்கிச்சே, அது எப்படி?

ஒன்றுதான் ஆகியிருக்கிறது. இன்னும் பத்தொன்பது.